கோல்டுக்கு ஏன் முதலில் மறதி வருகிறது?

கேம்போய் என்ற கைவிளையாட்டுக் கருவியில் செருகி ஆடும் போக்கிமொன் ரெட், கோல்ட் காட்ரிட்ஜுகள் இரண்டும் ஒரே லாச்சிக்குள்தான் இத்தனை வருடமும் கிடந்திருக்கும். ரெட் ஜப்பானில் 1996 இல் வந்தது, கோல்ட் 1999 இல். இன்று இரண்டையும் கேம்போயில் போட்டுப் பார்த்தால், மூத்தது பழைய விளையாட்டைத் தொடரலாமா என்று கேட்கும். இளையது ஆளையே தெரியாததுபோல முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். எப்போதும் இப்படித்தான் என்றில்லை. ஆனாலும் வழக்கமாக முதலில் மறப்பவை கோல்டும் அதன் உடன்பிறப்புகளான சில்வர், கிறிஸ்டலும்தான்.

மறப்பது விளையாட்டு அல்ல. விளையாட்டின் நிரல் அழியாத றொம் சில்லில் பதிந்திருக்கிறது. அதற்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பிடித்த போக்கிமொன்களும் வென்ற பட்டயங்களும் இருப்பது வேறிடத்தில், 32 கிலோபைற்று எஸ்ராம் நினைவகத்தில். அதில் ஒரு பிற்றை, அதாவது ஒரு 0 அல்லது 1 ஐ, பிடித்து வைக்கப் பொதுவாக ஆறு திரான்சிற்றர்கள் வேண்டும். அவற்றில் நான்கு, இரண்டு சோடிகளாக ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மற்ற இரண்டும் படிக்கவும் எழுதவும் திறக்கும் கதவுகள். மின்சாரம் நின்றால் தாங்கல் விட்டுப்போகும். திரும்ப வரும்போது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அதனால்தான் காட்ரிட்ஜுக்குள் காசு வடிவில் ஒரு பற்றரி. கேம்போய் ஓடும்போது நினைவகத்துக்கு அதன் 5 வோல்ற்று கிடைக்கிறது. சுவிட்சை அணைத்ததும் ஒரு சிறு காவல் சில்லு மின்னழுத்தம் இறங்குவதைக் கண்டு, முதலில் எழுதும் வழியை அடைத்து, பிறகு நினைவகத்தை 3 வோல்ற்றுப் பற்றரியிடம் ஒப்படைக்கும். 2022 மின்வெட்டுக் காலத்தில் கொழும்பு வீடுகளில் ரவுட்டருக்கு வாங்கி வைத்த யுபிஎஸ் செய்த வேலையேதான், கைநகம் அளவில்.

ரெட்டில் பற்றரிக்கு இந்த ஒரு வேலை மட்டும். கோல்டில் இரண்டாவது ஒன்றும் உண்டு: இரவு பகல் காட்டும் கடிகாரம். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு பளிங்கு, அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒரு நொடி. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் இது ஓயாது. கோல்டில் இருக்கும் சிஆர்2025 பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 160 மில்லி அம்பியர் மணி. பத்து ஆண்டு என்பது 87,600 மணி. வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 1.8 மைக்ரோ அம்பியர் இழுத்தாலே பத்து ஆண்டில் பற்றரி காலி. வெக்கையில் நினைவகத்தின் கசிவும் கூடும், பற்றரி தானாகத் தேய்வதும் கூடும். வருடம் முழுக்க 27, 28 பாகையில் இருக்கும் ஊரில் லாச்சிகூடக் குளிர்ச்சியான இடமில்லை.

பற்றரியை மாற்றுவது கடினமில்லை, அவசரம்தான் கெடுக்கும். சேமிப்பு இன்னும் உயிரோடிருந்தால் முதலில் அதை யூஎஸ்பி காட்ரிட்ஜ் ரீடரால் கணினிக்கு எடுத்துவிடுங்கள். பழைய பற்றரியைக் கழற்றிய நொடியே அது போய்விடும். கேம்போயை ஓடவிட்டபடியே பற்றரியை மாற்றுபவர்களும் உண்டு. ஈயச் சொட்டு ஒன்று தவறி விழுந்தால் சேமிப்பு மட்டுமல்ல, சில்லும் போகலாம். அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மூடியைத் திறக்க அதன் திருகாணிக்கென்றே உள்ள 3.8 மில்லிமீற்றர் கேம்பிட் முனை வேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவர் பிடிக்காது. கொழும்பு புறக்கோட்டையில் "கார் ரிமோட் பற்றரி" என்று கேட்டு சிஆர்2025 வாங்கிவிடலாம், ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்ல. இரு பக்கமும் உலோகக் கால் பற்றவைத்து வரும் வகையைத் தேடுங்கள். வெறும் பற்றரியில் நேரடியாக ஈயம் பிடிப்பதென்றால் லித்தியத்தைச் சுட வேண்டும். அது வீங்கும், வெடிக்கவும் கூடும். பதிலுக்கு சிஆர்2032 போட நினைத்தால், அதன் தடிப்பு 3.2 மில்லிமீற்றர், சிஆர்2025 தடிப்பு 2.5. அந்த 0.7 மூடியைப் பிதுக்கிவிடக்கூடும். ரெட்டில் சிறிய சிஆர்1616 உம் இருக்கும், திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஈயம் பற்றவைக்கும் கோலை 350 பாகைக்குச் சூடாக்கி, பழைய ஈயத்தில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருகவிடுங்கள். முழுதாக உருகுமுன் காலை இழுத்தால் பலகையின் செப்புத் தகடும் கூடவே பிய்ந்து வரும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான். பலகையில் + எங்கே என்று பார்த்துப் புதியதை வையுங்கள். புதுப் பற்றரி 3 வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். மூடுமுன் இணைப்பு ஊசிகளை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றில் உப்பு படிந்திருக்கும். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும்.

ஈயம் வேண்டாம், பற்றரியை ஒட்டுநாடாவால் ஒட்டினாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட் சேமிக்கும்போது முக்கியத் தரவின் பைற்றுகளையெல்லாம் கூட்டி, அந்த விடையைத் தலைகீழாக்கி ஒரே பைற்றில் எழுதி வைக்கும். திறக்கும்போது மறுபடி கூட்டிப் பார்க்கும். பையில் ஒரு குலுக்கல், கணநேரம் தொடர்பு அறுந்தது, எங்கோ ஒரு பைற்று மாறியது என்றால் கணக்கு ஒத்துவராது. மீதியெல்லாம் சரியாக இருந்தாலும் கோப்பு முழுவதையும் அது நிராகரித்துவிடும்.

பின்னர் வந்த போக்கிமொன் ரூபி, சஃபயர், எமரால்ட் வேறு கதை. பற்றரி தீர்ந்துவிட்டது என்ற செய்தியைத் திரையில் கண்டு பதற வேண்டாம். அவற்றில் சேமிப்பு, மின்சாரம் இல்லாமலே நிற்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பற்றரி கடிகாரத்துக்கு மட்டுமே. பெரிப் பழம் வளராது, அலை ஏறி இறங்காது, மற்றபடி உங்கள் அணி அப்படியே நிற்கும்.