ஃபங்கா: பூஞ்சைகளுக்கும் ஒரு திணை

ஓரிடத்தின் தாவரங்களை ஒட்டுமொத்தமாகச் சொல்ல ஃப்ளோரா, விலங்குகளுக்கு ஃபானா. அங்குள்ள பூஞ்சைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டுமே? அதுதான் ஃபங்கா. காட்டில் கண்ட காளான்களைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் தன்னார்வலர்களிடம் இன்று புழங்கும் சொல்.

முதல் இரண்டும் உரோமானியத் தெய்வங்களின் பெயர்கள். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1737இல் வட ஐரோப்பாவின் லாப்லாந்துத் தாவரங்களைப் பற்றிய நூலின் தலைப்பில் ஃப்ளோராவையும், 1746இல் சுவீடன் விலங்குகளைப் பற்றிய நூலின் தலைப்பில் ஃபானாவையும் வைத்தார். பூஞ்சைகளைப் பூக்காத தாவரங்களோடு சேர்த்துவிட்டார். 1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர், உயிர்களை ஐந்து பெரும்பிரிவுகளாக்கும் தம் ஐந்துலக வகைப்பாட்டில் அவற்றுக்குத் தனி உலகம் கொடுத்தார். மரபணு வழியில் பார்த்தால் பூஞ்சைகள் செடிகளைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு!

ஃபங்காவுக்குப் பின்னால் தெய்வம் எதுவும் இல்லை. காளானைக் குறிக்கும் ஃபங்கஸ் என்ற இலத்தீன் சொல்லை மற்ற இரண்டின் அச்சில் வார்த்தது. 2018இல் ஜூலியானா ஃபுர்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை முறையாக முன்மொழிந்தார்கள்; 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். அமைப்பின் உயிரினப் பாதுகாப்புப் பிரிவும் ஏற்றுக்கொண்டது. வெறும் பெயர்தானே என்று விட முடியாது. பூஞ்சை இனங்கள் சுமார் 25 லட்சம் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. பெயரிடப்பட்டவை ஏறக்குறைய 1,55,000. 2025 மார்ச்சில், இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் அவ்வமைப்பின் சிவப்புப் பட்டியலில் இருந்த 1,69,000 சொச்சம் இனங்களில் பூஞ்சைகள் 1,300தான்.

சரி, தமிழில்? காளான் என்று வைத்தால் போதாது. ரொட்டியில் படரும் பூசணம், மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் எல்லாமே பூஞ்சைதான். காளான் அதன் கனி மாதிரி. உயிரின் பெரும்பகுதி மண்ணிலோ மட்கும் மரத்திலோ இழைப்பின்னலாக ஒளிந்திருக்கிறது. அதனால்தான் காளான்களைப் பதிவுசெய்வதில் தேர்ந்தவர் காளான் குடையின் மேற்புறத்தை மட்டும் படமெடுத்துவிட்டு நகர்வதில்லை. குனிந்து அடியில் தகடு தகடாக உள்ள செவுள்களைப் படமெடுப்பார், காம்பின் அடியைப் பார்ப்பார், மண்ணில் முளைத்ததா மரத்திலா, பக்கத்தில் என்ன மரம் என்று குறிப்பார். அப்புறம் குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழாகக் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடிவைப்பார். விடிந்ததும் தாளில் வித்துத்தூள் படிந்திருக்கும். அதன் நிறம் இனத்தைக் கண்டுபிடிக்கக் கைகொடுக்கும்.

காளானுக்கு ஆம்பி என்றொரு பழஞ்சொல் உண்டு. நெடுநாள் சமைக்காத அடுப்பில் ‘ஆம்பி பூப்ப’ என்கிறது புறநானூறு (164). அழகான சொல்; ஆனால் அதுவும் வெளியே தெரியும் காளானைத்தான் சுட்டுகிறது. போதாக்குறைக்கு அங்கேயும் அது செடிபோலப் ‘பூக்கிறது’!

ஃப்ளோராவை நிலைத்திணை என்றும் ஃபானாவை இயங்குதிணை என்றும் எழுதுவோர் உண்டு. அந்த வழியில் ஃபங்காவைப் பூஞ்சைத்திணை எனலாம் என்பது என் தேர்வு. ‘பூஞ்சை வளம்’ என்றால் விளைச்சல்போல ஒலிக்கிறது. ‘இந்தச் சோலையின் பூஞ்சைத்திணையில் புதிதாக ஓர் இனம்’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. அன்றாடப் பேச்சுக்கு ‘தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள்’ என்பதே தாராளம்.