ஒட்டா, மூட்டா? வெட்டுத்துணிப் போர்வைக்குப் பெயர் வைப்பது பற்றி

'கழிவுத்துணி மெத்தை செய்வது எப்படி?' என்ற தலைப்பு கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதில் கழிவும் இல்லை, மெத்தையும் இல்லை. ரவிக்கை தைத்த மிச்சம், சட்டை வெட்டும்போது விழுந்த துண்டு, அழகாக இருக்கிறதே என்று வாங்கி எதற்கும் ஆகாமல் பீரோவில் தூங்கும் அரை மீட்டர் சீட்டித்துணி, இதையெல்லாம் சதுரமாகவும் பட்டையாகவும் நறுக்கி ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்து மேல்துணி ஆக்குகிறார்கள். அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி மேலிருந்து தையல் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்கிராப் குவில்ட். பெரும்பாலும் போர்த்திக்கொள்ளத்தான்.

வேர்ச்சொல் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். குவில்ட் என்பது லத்தீன் 'குல்கிட்டா', அங்கிருந்து பழைய பிரெஞ்சு, அங்கிருந்து ஆங்கிலம். குல்கிட்டா என்றால் பஞ்சு திணித்த மெத்தை. "பார்த்தீர்களா, மெத்தை சரிதானே" என்று யாராவது உடனே கிளம்புவார்கள். தொடக்கத்தில் அடியில் கிடந்தது பிறகு மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம் என்பதற்காக இன்று மல்லிகைப்பூவை நாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஸ்கிராப் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, சுரண்டி எடுத்த துணுக்கு என்று பொருள்.

கழிவு எனக்கு ஒப்பவே இல்லை. கழிவுநீர், கழிவறை, கழிவுநீக்கம் என்று அந்தச் சொல் இருக்கும் இடங்களைப் பாருங்கள். பனியன் ஆலையிலிருந்து வந்து, பட்டறையில் கிரீஸ் துடைத்துவிட்டுத் தூக்கிப்போடும் துணியை வேஸ்ட் என்கிறோம், சரி. ஆனால் தூக்கிப்போட மனம் வராமல் எடுத்து வைத்தது எப்படிக் கழிவாகும்? தையல்காரர்களிடம் கேட்டால் வெட்டுத்துணி என்பார்கள், வீட்டில் மிச்சத்துணி என்போம். இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம்.

என் உண்மையான சண்டை 'ஒட்டுவேலைப் போர்வை'யோடுதான். இப்படித் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதை ஆங்கிலத்தில் பேட்ச்வொர்க் என்பார்கள். பேட்ச்வொர்க் என்றதும் அகராதிக்காரர்கள் ஒட்டுவேலை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், மற்றவர்கள் அதையே நகலெடுக்கிறார்கள். தமிழில் ஒட்டுப்போடுவது என்றால் என்ன? கிழிந்த இடத்தின் மேல் இன்னொரு துணியை வைத்துத் தைப்பது. ஒட்டுப்போட்ட சட்டை, ஒட்டுப்போட்ட கோணி என்றால் அடியில் ஏற்கனவே ஒரு துணி இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் போர்வையின் மேல்துணியில் அப்படி அடித்துணி கிடையாது. துண்டும் துண்டும் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓரங்களில் சேர்கின்றன. அந்தத் தையலைப் பிரித்தால் கையில் துண்டுகள்தான் மிஞ்சும்.

இந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லையா? கைலி வாங்கியதும் என்ன செய்கிறோம்? மூட்டுகிறோம். 'மூட்டின கைலியா, மூட்டாததா' என்று கடையிலேயே கேட்பார்கள். கோணியையும் மூட்டுகிறோம். ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பதற்கு இவ்வளவு துல்லியமான வினைச்சொல் புழக்கத்தில் இருக்கும்போது 'இணைப்புத் தையல் நுட்பம்' என்று மூன்று சொல் எழுதுகிறவரை என்ன செய்வது? மூட்டுப்போர்வை என்று சொல்லுங்கள். மிச்சத்துணியில் செய்தது என்று தெரிய வேண்டுமானால் வெட்டுத்துணி மூட்டுப்போர்வை.

ஒட்டை விரட்டவும் வேண்டாம், அதற்கும் இடம் இருக்கிறது. துணி மேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு ஒட்டுவேலை கச்சிதமாகப் பொருந்தும். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் பெண்கள் செய்யும் 'கவந்த்' இருக்கிறதே, அது பழஞ்சேலையை விரித்து அதன் மேல் துண்டுகளை வைத்து, விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே நூலோட்டித் தைப்பது. அதை ஒட்டுப்போர்வை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடுப்புகளைக் கிழித்துச் செய்து, 2006-இல் அந்நாட்டுத் தபால்தலை வரை போன போர்வைகள் பெரும்பாலும் மூட்டு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வேலை தெரிந்தவர் சிரிப்பார்.

தனித்தமிழ் நண்பர்கள் 'பல்துன்னப் போர்வை' என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. துன்னம் என்றால் தையல். புறநானூறு 136-இல் துறையூர் ஓடைகிழார் தன் கிழிசல் உடையைப் 'பல் துன்னத்து' என்று பாடுகிறார். பொருநராற்றுப்படையில் வேற்றிழை நுழைந்த 'துன்னல் சிதாஅர்' வருகிறது. ஆனால் அங்கே ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தலைச் சொல்கிறார்கள். அதோடு இன்று துன்னம் என்றால் எத்தனை பேருக்குப் புரியும்? தூய்மையா தெளிவா என்றால் எனக்குத் தெளிவுதான் முதலில். இங்கே மூட்டு என்பதில் இரண்டுமே கிடைக்கிறது, பிறகு எதற்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய சொல்? கந்தைக்கும் இதே கதிதான். வங்காளத்துக் காந்தா போர்வையும் நம் கந்தையும் கந்தா என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அங்கே அது கலை, இங்கே 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதோடு நின்றுவிட்டது. கைவேலையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு 'கந்தைப்போர்வை' என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒற்றைப் பெயர்ச்சொல் காய்ச்ச வேண்டும் என்ற வெறி. ஸ்டாஷ் என்பதற்குத் 'துணிக்கருவூலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர்த்து வைத்த துணி என்றால் என்ன குறைந்துவிடும்? இன்னொருவர் லாக் கேபின் என்ற புகழ்பெற்ற போர்வை அமைப்பைப் 'பதிவு அறை' ஆக்கிவிட்டார். லாக் என்றால் பதிவும் உண்டு, மரக்கட்டையும் உண்டு, இங்கே மரக்கட்டைதான். நடுவில் ஒரு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றி மரக்கட்டை அடுக்குவதுபோல் பட்டைகள், ஒரு பாதி வெளிர், மறு பாதி அடர்த்தி. கட்டைவீடு என்று எழுதியிருக்கலாம், அல்லது லாக் கேபின் என்றே விட்டிருக்கலாம். படத்தைக்கூடப் பார்க்காமல் மொழிபெயர்த்திருக்கிறார்.