கத்தரிக்கு முன்னால் மூக்கு

குமுளியில் 22 வருடமாகத் தைக்கிறேன். பிறந்தது கம்பம், வாழ்க்கைப்பட்டது இங்கே. கடையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். ஓணத்துக்கு முன்னால் சேச்சிமார், தீபாவளிக்கு முன்னால் கூடலூர், கம்பம் ஆட்கள் என்று வருடத்தில் இரண்டு தடவை எனக்குத் தூக்கம் போகும். இப்போது மூன்று நான்கு வருடமாகப் புதுக்கூட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது. எல்லாம் காலேஜ் பிள்ளைகள். இன்ஸ்டாகிராமில் 'த்ரிஃப்ட்' என்று பழைய துணி விற்பவர்களிடம் வாங்கிய, யாரோ போட்ட டெனிம் ஜாக்கெட், தொளதொள ஆம்பளைச் சட்டை, பாட்டி பீரோவில் கிடந்த பட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு வருவார்கள். போனை நீட்டி, "அக்கா, இதே மாதிரி வேணும்" என்பார்கள்.

போனில் இருக்கிற படத்தை நான் உடனே பார்ப்பதில்லை. முதலில் பையைத் திறந்து மோந்து பார்ப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பழைய துணி மூக்குக்குச் சொல்வது நிறைய. எங்கள் ஊரில் ஜூனில் பிடிக்கிற மழை ஆகஸ்ட் வரை விடாது. பீரோவுக்குள் வைத்த துணியில்கூடக் கறுப்புப் புள்ளி விழும். மலையாளத்தில் அதற்குக் கரிம்பன் என்று பெயர். எல்லையில் இருக்கிற நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அது அழுக்கு இல்லை, பூசணம். நூலையே தின்று வளர்கிறது. புள்ளி விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். 'சர்ர்' என்று விட்டால் அந்த இடத்தில் உயிர் இல்லை. விடவில்லை என்றால் வெயிலில் காயப்போட்டு, சோப்புப் போட்டு அலசினால் பூசணம் போகும், வாடை போகும். கறை மட்டும் பாதிக்குப் பாதி நிற்கும். அதன்மேல் ஒரு பாக்கெட்டோ ஒட்டுத்துணியோ வைப்பதற்குத்தான் தையல்காரி இருக்கிறேன்.

வியர்வை வாடை வேறு ரகம். துவைத்துக் காய்ந்த சட்டை மோந்தால் மணக்கும். ஆனால் கம்புக்கூட்டுப் பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பழைய ஆளின் வாடை அப்படியே எழுந்து வரும். பாலியஸ்டரில் இது அதிகம். எண்ணெய்ப் பிசுக்கை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படி எழுந்து வந்தால் நான் அந்தச் சட்டையின் கைக்குழிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுப்பேன். பருத்தி என்றால் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

அடுத்தது சுத்தம். "நல்லா துவைச்சிட்டுத்தான் கொண்டு வந்தேன்" என்று சொல்லாதவர் கிடையாது. பச்சைத் தண்ணீரில் அலசி, மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டது துவைத்த கணக்கில் சேராது. சொறி சிரங்கைக் கொண்டுவரும் பூச்சி, மனித உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாகத் தாங்காது. அதனால் வாங்கிய துணியை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் மூலையில் போட்டாலே அதன் கதை முடிந்துவிடும். மூட்டைப்பூச்சிக்கு இந்த வேலை நடக்காது. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஜீவன் அது. கோட்டு, ஜாக்கெட் தையல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதற்குச் சூடுதான் மருந்து. படர்தாமரையும் அப்படியே, அதன் விதை துணியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். துணி தாங்குமென்றால் 60 டிகிரி சுடுதண்ணீர், நல்ல வெயில், அப்புறம் உள்பக்கத் தையல் ஓரமெல்லாம் நீராவி இஸ்திரி. சுடுதண்ணீர் தாங்காத கம்பளி, பட்டு என்றால் பையில் கட்டி வைத்து, பிறகு நீராவி காட்டி, வெயில் காட்டித்தான் எடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர் புதுத்துணி வாங்கிக்கொள்ளலாம்.

வெளுப்பாக்குகிறேன் என்று பிளீச்சிங் போடுபவர்களுக்கு ஒன்று. குளோரின் பிளீச்சைப் பட்டிலும் கம்பளியிலும் ஊற்றினால் நூலே கரைந்துபோகும். இழுத்தால் நீளும் லைக்ரா நூல் மஞ்சளாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, கறை போகவில்லை என்று அதோடு வினிகரையோ பாத்ரூம் கழுவும் ஆசிட்டையோ கலப்பது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். கதவு சாத்திய குளியலறையில் இதைச் செய்துவிட்டு இருமிக்கொண்டே என் கடைக்கு வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளைச் சட்டைக்காக!

வாடைகளில் நான் உண்மையிலேயே பயப்படுவது பாச்சை உருண்டை வாடைக்கு. ஒரு அம்மா, மகளுக்குப் பேறுகாலம் நெருங்கும் நேரத்தில், தன் மாமியாரின் நைந்த சின்னாளபட்டிச் சேலையைக் கொண்டு வந்தார். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல் பெரியவர்கள் கட்டிய பழந்துணியைச் சுற்றுவது நம் பக்கத்து வழக்கம்தானே. நல்ல வழக்கம். பழந்துணி உறுத்தாது, மெத்தென்று இருக்கும். பிள்ளைக்கு நாலு சட்டையும் ஒரு விரிப்பும் கேட்டார். ஆனால் சேலையைப் பிரித்ததும் கடை முழுக்கப் பாச்சை உருண்டை நெடி. இது நாப்தலீன். பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்தத் துணியின் வாடையே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தது, என்னிடம் ஜாக்கெட் தைக்கிற ஒரு நர்ஸ் சேச்சி. அதிலிருந்து கைக்குழந்தைத் துணி என்றால் உருண்டை பட்டதைத் தொடுவதில்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன். முகம் வாடிப்போனார். கொடியில் எப்போதும் கிடந்த அவருடைய சொந்தப் பருத்திச் சேலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதில் தைத்துக் கொடுத்தேன். பெட்டியில் வைக்கும் துணிக்கு உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலை போடுங்கள், அல்லது வருடம் இரண்டு தடவை வெயில் காட்டுங்கள்.

சரி, மூக்கு வேலை முடிந்தது. இனி கண்ணுக்கும் விரலுக்கும்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். பேன்ட் என்றால் உட்காரும் இடம், தொடை உரசும் இடம். சட்டை என்றால் காலர் மடிப்பு, முழங்கை. லைக்ரா கலந்த துணியை இழுத்து விட்டால் திரும்பிச் சுருங்க வேண்டும், தொங்கினால் செத்த லைக்ரா. அதில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் முட்டி தள்ளிக்கொண்டு நிற்கும். என்ன துணி என்று தெரியவில்லையா? உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு தட்டுக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பேப்பர் எரியும் வாடையும் பொடியான சாம்பலுமாக இருந்தால் பருத்தி. முடி கருகும் வாடை என்றால் பட்டு அல்லது கம்பளி. சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். இந்தக் கடைசி வகை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பழைய ஷிஃபான் சேலையில் அடுப்படிக்கு ஏப்ரன் தைத்துத் தரச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

பட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த கல்யாணப் பட்டு, மடிப்பு ஓரத்தில் விட்டுப்போயிருக்கும். மேலே பார்த்தால் புதிதாக மின்னும். கட்டைவிரலால் மடிப்பை அழுத்தினால் 'பட்' என்று கீறும். அதில் டாப் தைத்தால் முதல் தடவை கை தூக்கும்போதே முதுகில் கிழியும். இந்த மாதிரிப் பட்டுக்கு அடியில் மெல்லிய மல் துணியைக் கொடுத்து முழுக்க நெருக்கமாகத் தைத்து, இழுப்புப் படாத வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்குப்பை, தாம்பூலப் பை, தலையணை உறை, நோட்டுப் புத்தக அட்டை இதெல்லாம். லைனிங்குக்கு எடுத்த புதுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி, மேல்துணி கொத்தமல்லிக்கட்டு மாதிரி நிற்கும்.

இப்போது அதிகம் வருகிற வேலை, 42 சைஸ் ஆம்பளைச் சட்டையைப் பெண்பிள்ளைக்கு டாப் ஆக்குவது. வீடியோ பார்த்துத் தாங்களே செய்து, கெடுத்துக்கொண்டு வருவதும் இதுதான். பக்கவாட்டில் இரண்டு தையல் போட்டு இறுக்கிவிடுவார்கள். இடுப்பு சரியாக இருக்கும், ஆனால் தோள் கீழே தொங்கும், கைக்குழி ஆழமாக நிற்கும், கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் மேலே ஏறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வயிறு தெரியும். சரியான வழி வேறு. கையை முழுக்கப் பிரித்து எடுக்க வேண்டும். கத்தரியால் அல்ல, தையல் பிரிக்கும் ஊசியால். தோளை உள்ளே தள்ளிக் குறித்து, கைக்குழியை மேலே ஏற்றி வெட்டி, பிரித்த கையையே அளவுக்குக் குறைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். மார்புக்கு டார்ட், அதாவது உடம்பு வளைவுக்குப் பிடித்துத் தைக்கும் மடிப்பு. முதுகில் யோக்குக்கு (தோளை ஒட்டிய மேல்பட்டிக்கு) கீழே உள்ள பிளீட் மடிப்பைப் பிரித்தால் ஒன்றிரண்டு இஞ்ச் துணி கிடைக்கும், அதை இழக்காதீர்கள். வெட்டி எடுத்த பக்கத் துண்டில் தலைக்கட்டும் ரிப்பனும் வந்துவிடும். பட்டன் பட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். காஜா அடிக்கிற வேலை மிச்சம்.

காலர் ஓரம் நைந்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பூட்டினால் இன்னொரு ஐந்து வருடம் ஓடும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த கம்பத்து அண்ணாச்சி காலத்தில் வாத்தியார்கள் மாதாமாதம் இதற்கென்றே வருவார்களாம். இப்போது கேட்பவர் இல்லை. ஒரு சட்டைக்குப் பருத்தி விளைவதில் தொடங்கி 2,700 லிட்டர் தண்ணீர் என்று உலக இயற்கை நிதியத்தின் கணக்கை எனக்குச் சொல்கிற அதே பிள்ளைகள்தான், காலர் நைந்ததும் "தூக்கிப் போட்டுருங்கக்கா" என்கிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கித்தான் கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளைகிறது. எங்களுக்குத் தண்ணீர்க் கணக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, காலர் கணக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கசவு என்கிற சரிகைக் கரை வைத்த கேரளச் சேலை, செட்டுமுண்டு கதை எனக்கு நட்டம் தந்த கதை. ஓணத்துக்கு ஒரே நாள் உடுத்தி, பாயசக் கறையோடு மூலைக்குப் போகும் சேலைகள் இங்கே ஏராளம். அந்தக் கரையை எடுத்துப் பாவாடைக்கும் ஜாக்கெட் கைக்கும் வைத்தால் புதுத்துணி தோற்கும். ஆனால் எல்லாக் கசவும் ஒன்றல்ல. வெள்ளியிழையில் பொன் முலாம் பூசியது அபூர்வம். செம்புக் கம்பிச் சரிகை நாளாவட்டத்தில் கறுக்கும். பிளாஸ்டிக் சரிகை சூட்டில் சுருங்கும். ஒரு ஓணச் சீசனில், அவசரத்தில் சோதித்துப் பார்க்காமல் மேலேயே சூடு வைத்தேன். நாலு இஞ்ச் கரை முறுக்கு மாதிரிச் சுருண்டது. புதுச் செட்டுமுண்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது மூலையில் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக, பருத்தித் துணி போட்டுத்தான் இஸ்திரி.

பிள்ளைகளின் பழைய ஜாக்கெட்டில் கழுத்துப் பக்கம் தொங்கும் கயிற்றை உருவிவிடுங்கள். சறுக்குமரத்திலோ பஸ் கதவிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கும். அமெரிக்காவில் 1996லேயே இதை வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டது. பட்டனையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், லூஸாக இருந்தால் பிள்ளை வாய்க்குத்தான் போகும்.

ஜீன்ஸ் பை தைப்பவர்கள் 14ஆம் நம்பர் ஊசியோடு மல்லுக்கட்டாமல் 16 அல்லது 18 போடுங்கள். மடிப்பு கனமாக வரும் இடத்தில் மோட்டாரை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி ஒடிந்து கண்ணில் தெறிப்பது கதை இல்லை.

கூலியையும் சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்க்கு வாங்கிய சட்டைக்கு முந்நூறு ரூபாய் கூலியா என்று கேட்பார்கள். புதுத்துணி என்றால் வெட்டித் தைத்தால் போதும். பழையதைப் பிரித்து, துவைத்து, தேய்த்து, குறையை மறைத்து, பிறகு வெட்ட வேண்டும். பிரிக்கவே முக்கால் மணி நேரம்.

ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறி வரும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அட்டைக்கும் கொசுவுக்கும் குளிருக்கும் அதுதான் கவசம். அவர்களுக்குக் கையைக் குறைத்து, உள்பாக்கெட் வைத்துக் கொடுப்பது எனக்கு வாடிக்கை. போன மாசி மாதம் ஒரு அத்தாச்சி நல்ல கெட்டிக் காட்டன் சட்டை கொண்டு வந்து, பேத்திக்கு ஃபிராக் போடலாமா என்றார். மோந்து பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் ஏலத்துக்கு மருந்தடிக்கப் போட்ட சட்டை. எண்ணெய்ப் பதத்தில் வரும் பூச்சிமருந்து நூலுக்குள் இறங்கிவிட்டால் எத்தனை தடவை துவைத்தாலும் முழுக்கப் போகாது. வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் மற்றதிலும் ஏறும். முடியாது என்றேன்.

"அப்ப அடுப்படித் துணிக்காவது?"

"வேண்டாம் அத்தாச்சி."

"மிதியடிக்கு?"

"பேத்தி தவழ்ற வீடு."

கோபமாகச் சுருட்டிக்கொண்டு போனார். பங்குனியில் ஒருநாள் அவர் ஊர்ப் பக்கம் போனபோது பார்த்தேன். காட்டுக்கு நடுவே வைக்கோல் பொம்மை ஒன்று கையை விரித்து நின்றது. அந்தச் சட்டைதான். பட்டன் எல்லாம் சரியாகப் போட்டிருந்தது.