லாரியில் அள்ளிப் போட்டால் மண் சுத்தமாகிவிடுமா?

பொள்ளாச்சியைத் தாண்டி மேற்கே தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. காய்கறியோ எம்-சாண்டோ ஏற்றிக்கொண்டு கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகக் கேரளா போகும் லாரி காலியாகத் திரும்பினால் டீசல் காசு நட்டம், அதனால் கிடைக்கிற ரிட்டர்ன் லோடை ஏற்றிக்கொள்வார்கள், அந்த லோடு சில நாள் கேரள ஆஸ்பத்திரிக் குப்பையாக இருக்கும், உரிமையாளர் கோயம்புத்தூரில் குடியிருக்கும் ஏதாவது ஒரு தோப்பின் மூலையில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் குளுக்கோஸ் பாட்டில், ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, நடுவே மலையாளத்தில் அச்சடித்த பில். இவ்வளவுக்கும் வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டிலேயே மருத்துவக் கழிவுக்கென்று பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே அனுப்ப ஆஸ்பத்திரி பணம் கட்ட வேண்டும், தோப்புக்குள் கொட்ட லாரி வாடகை போதும்.

இதைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, "தீய வெச்சு விட்றலாங்க." தயவுசெய்து வைக்காதீர்கள். ரத்தப் பை, டியூப் போன்றவற்றில் பல பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை, அதில் குளோரின் இருக்கிறது. திறந்தவெளியில் புகைந்து புகைந்து எரியும்போது அந்தக் குளோரினும் அரைகுறையாக எரிந்த கரியும் சேர்ந்து டையாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது, அதற்கு 200 முதல் 450 டிகிரி வரையிலான சூடே தோதானது. முறையான எரி உலையில் முதல் அறை 800 டிகிரி அளவிலும், அதிலிருந்து வரும் புகை போகும் இரண்டாம் அறை 1050 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும், புகை அங்கே குறைந்தது 2 வினாடி தங்க வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு விதி. புற்றுநோய் மருந்துக் கழிவுக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். குப்பையில் வைக்கும் நெருப்பு இதற்குப் பக்கத்தில்கூட வராது. டையாக்ஸின் சாம்பலோடு புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பால் கொழுப்பில் சேர்ந்து நம் உடம்புக்குள் வந்தால், அதில் பாதி குறையவே 7 முதல் 11 வருஷம் ஆகும். தீ வைத்தால் தடயமும் போய்விடும் என்பது இன்னொரு பெரிய நட்டம், ஏனென்றால் அந்த பில், மருந்துச் சீட்டு, பையில் ஒட்டிய பார்கோடு இவற்றை வைத்துத்தான் எந்த ஆஸ்பத்திரிக் கழிவு என்று பிடிக்கிறார்கள்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் சுற்றுவட்டாரத்தில் கொட்டியபோது நடந்ததும் அதுதான். குவியலில் கிடந்த ஆவணங்கள் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 3 நாளில் அள்ள வேண்டும் என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது, டிசம்பர் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து திருப்பி எடுத்துப் போனார்கள். அடுத்து 2025 ஏப்ரலில், மருத்துவக் கழிவு கொட்டுபவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழி செய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் குப்பையை அள்ளியாச்சு என்றதும் எல்லோரும் கலைந்து போய்விடுகிறோமே, எனக்கு அங்கேதான் ஆதங்கம். குப்பைக்குக் கீழே இருக்கும் மண்ணை யார் பார்ப்பது?

குவியல் மேல் மழை பெய்தால், காபி ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குகிற மாதிரி, மருந்தும் உப்பும் உலோகமும் கரைந்த கசிவுநீர் கீழே இறங்கும். எவ்வளவு தூரம் போகும் என்பது அந்தந்தப் பொருளைப் பொறுத்தது. ஈயம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மேல் மண்ணிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். குளோரைடு எதிலும் ஒட்டாமல் தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும், அதனால் கிணற்றில் திடீரென்று குளோரைடு ஏறினால் அது முதல் எச்சரிக்கை. நம் பகுதியில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு: மேலே கொஞ்சம் மண், கீழே கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஓடுவதால் குவியலுக்குப் பக்கத்துக் கிணறு நன்றாக இருந்து, நாலு தோட்டம் தள்ளியிருக்கும் போர்வெல் கெட்டுப்போகலாம்.

ஆகவே முறையாகச் செய்தால் வேலை இப்படிப் போகும். குவியல் கிடந்த இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மேல் மண், அதற்குக் கீழ், இன்னும் கீழ் என்று தனித்தனியாக மாதிரி எடுப்பார்கள். மேட்டுப்பக்கம், குப்பையே படாத இடத்திலும் ஒரு மாதிரி கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மண்ணில் இயல்பாகவே இருக்கும் உலோகம் எவ்வளவு, குப்பை கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்தபின் குழியின் அடியில் மறுபடி மாதிரி எடுப்பார்கள், அது தேறினால்தான் மூடலாம். தோண்டிய மண் ஆபத்தான கழிவு என்று தெரிந்தால், ஆந்திர எல்லையோரம் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் கசிவுநீர்க் குழாயும் போட்ட பாதுகாப்புக் குழிக்குத்தான் போக வேண்டும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு குரோமியம் ஆலை 1990-களில் மூடப்பட்டது, லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு அப்படியே கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு-இணைதிற குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாகக் கரைந்து எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், களிமண்ணுக்கும் அதே மின்னூட்டம்தான், அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, நிலத்தடி நீரோடு போய்விடுகிறது. இதற்குத் தீர்வு உண்டு. இரும்பு சல்பேட் கலந்தால் அது மூன்று-இணைதிற குரோமியமாக மாறிப் படிந்துவிடும், நச்சும் வெகுவாகக் குறையும். ஆய்வகத்தில் எளிது, ஆனால் லட்சம் டன்னுக்கும் அதன் கீழே ஊறிப்போன மண்ணுக்கும் செய்வதென்றால் பெரும் செலவு, அதை யார் தருவது என்பதிலேயே வருஷங்கள் ஓடின.

கெடுத்தவரே செலவு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கான தனி நடைமுறை 2025 ஜூலையில் வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளில்தான் கிடைத்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேக இடங்களைப் பட்டியல் போட வேண்டும், பிறகு முதற்கட்ட ஆய்வு, அடுத்து விரிவான ஆய்வு, மாசு உறுதியானால் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க 90 நாள் கெடு. ஆள் கிடைக்காவிட்டால் அரசுப் பணத்தில் சுத்தம் செய்யலாம்.

சந்தேக இடம் என்று பட்டியலில் ஏற யாராவது சொல்ல வேண்டுமே, அதனால் உங்கள் பக்கம் குப்பை கொட்டியிருந்தால் போலீசோடும் வி.ஏ.ஓ.வோடும் நிறுத்தாமல் கலெக்டருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், அள்ளியபின் மண் மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை உடனே ஒருமுறையும், பருவமழை முடிந்து இன்னொரு முறையும் பரிசோதியுங்கள், முதல் அறிக்கை கையில் இருந்தால்தான் இரண்டாவதில் ஏறிய அளவு தெரியும்.