வில்லஸ்: குடலுறிஞ்சியா, சடைமுளையா?

சிறுகுடலின் உட்சுவரில் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரம் வரை, விரல் விரலாக நெருக்கியடித்து நிற்கும் முளைகளுக்குப் பெயர் வில்லஸ். ஆங்கில உச்சரிப்பில் இதன் பன்மை வில்லை. அதை அப்படியே தமிழில் எழுதினால் கண்ணாடி வில்லையும் மாத்திரை வில்லையும்தான் நினைவுக்கு வரும், அதனால் நமக்கென்று ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

லத்தீனில் வில்லஸ் என்றால் சடைத்த முடி, மயிர்க்கற்றை. வெல்வெட் என்ற துணியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். குடலைத் திறந்து பார்த்தவர்களுக்கு உட்பக்கம் மெத்துமெத்தென்று முடி அடர்ந்த துணிபோலத் தெரிந்திருக்கிறது, அந்தத் தோற்றமே பெயராகிவிட்டது.

தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குடலுறிஞ்சி, இலங்கைப் பாடநூல்களில் சடைமுளை. முன்னது வேலையைச் சொல்கிறது, பின்னது உருவத்தைச் சொல்கிறது. படித்தவுடன் புரிவது குடலுறிஞ்சிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் உறிஞ்சி என்றதும் குழல் வைத்து இழுப்பதுபோல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது, அங்கே நடப்பதோ வேறு. முளையைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஒவ்வொரு சத்தையும் அதற்கான வழியில் உள்ளே எடுக்கின்றன. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்து ஒரே புரதத்தின் வழியாக நுழைகிறது. வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுப்பது இதை நம்பித்தான், அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் முளைக்குள் இருக்கும் ரத்த நுண்குழாய்களில் சேர்ந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பின் கதை தனி. பித்தநீரின் உதவியோடு செல்லுக்குள் வந்து, அங்கே மறுபடி கொழுப்பாகக் கட்டப்பட்டு, முளையின் நடுவில் இருக்கும் பாற்குழலில் இறங்கி, நிணநீர் வழியாகச் சுற்றிப்போய்த்தான் ரத்தத்தில் கலக்கும். கொழுப்பு சேர்ந்து அந்தக் குழல் பால்போல வெளுத்துத் தெரிவதால் அந்தப் பெயர். 1622இல் காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர், சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோதுதான் இந்த வெள்ளைக் கோடுகளைக் கண்டார்.

சரி, எனக்கு ஏன் சடைமுளை பிடித்திருக்கிறது? வில்லஸ் குடலுக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. கருவைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடியிலும் இதே பெயரில் முளைகள் உண்டு, தாயின் ரத்தத்திலிருந்து சத்தும் ஆக்சிஜனும் அவற்றின் வழியாகத்தான் குழந்தைக்குப் போகின்றன. அவற்றைக் குடலுறிஞ்சி என்று எப்படிச் சொல்வது? சடைமுளை என்றால் குடற்சடைமுளை, நஞ்சுக்கொடிச் சடைமுளை என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். லத்தீன் சொல்லில் இருந்த முடியும் சடையில் அப்படியே வந்துவிடுகிறது. சடைமுளையின் மேலுள்ள ஒவ்வொரு செல்லிலும் இன்னும் நுண்ணிய நீட்சிகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவை நுண்சடைமுளைகள்.

இத்தனை மடிப்பும் முளையும் சேர்ந்து சிறுகுடலின் உட்பரப்பை டென்னிஸ் மைதானம் அளவுக்கு விரிக்கின்றன என்று நெடுங்காலம் எழுதினார்கள். 2014இல் வெளியான அளவீடு அதைச் சுமார் 30 சதுர மீட்டர் என்று குறைத்தது, ஒரு நல்ல பெரிய அறையின் தரை அளவு. இதுவும் தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை சீலியாக் நோயில் பார்க்கலாம்: கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடலே கிளம்பி, சடைமுளைகள் சப்பையாகி, வயிறு நிறையச் சாப்பிட்டும் இரும்புச்சத்து குறைந்து ஆள் மெலிவார். குளூட்டனை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் முளைகள் மெல்ல மெல்லத் திரும்ப எழும்பும்.