சொன்னது ஞாபகம் இருக்கு, சொன்னது யாரு?

செபாஸ்டியன் வைஸ்டார்ஃப் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இருக்காது, அவர் பிரபலமே இல்லை. 1989இல் உளவியலாளர் லாரி ஜக்கோபியும் சகாக்களும் இப்படிப்பட்ட பெயர்களை ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். உடனே சோதித்தபோது பெரிய குழப்பம் இல்லை. ஒரு நாள் கழித்து, புதுப் பெயர்களையும் நிஜப் பிரபலங்களையும் கலந்துபோட்டு 'இதில் யார் பிரபலம்' என்று கேட்டால், நேற்று வாசித்த அந்த ஊர்பேர் தெரியாத ஆட்களில் சிலர் திடீரென்று பிரபலமாகிவிட்டார்கள்! பெயர் பழகியதாகத் தெரிகிறது, எங்கே பார்த்தோம் என்பது மட்டும் கழன்றுவிட்டது.

மூளை ஒவ்வொரு தகவலிலும் 'இன்னார் சொன்னது' என்று சீட்டு ஒட்டி வைப்பதில்லை. கேட்ட குரல், இருந்த இடம், அப்போது மனதில் ஓடியது என்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும் துணுக்குகளை வைத்து, மூலத்தைப் பிற்பாடு ஊகிக்கிறோம் என்பது உளவியலாளர் மார்சியா ஜான்சன் முன்வைத்த விளக்கம். அந்தத் துணுக்குகள் ஒட்டுவதற்குக் கவனம் வேண்டும். பெயர்களை வாசிக்கும்போதே காதில் விழும் எண்களையும் கவனிக்கச் சொன்னால், ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை, அன்றைக்கே அதே தப்பு நடந்தது. டிவி ஓட, போனைத் தள்ளிக்கொண்டே செய்தி படிக்கிறோமே, அதேதான்.

சரி, துணுக்கே இல்லையென்றால்? எதிர்பார்ப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் சொன்னதாகச் சில வாக்கியங்களைக் காட்டி, எது யார் சொன்னது என்று பிறகு கேட்கும் சோதனைகள் உண்டு. மறந்துபோன இடத்தில் மருந்து பற்றிய வாக்கியம் டாக்டர் கணக்கில் போகிறது, நிஜத்தில் வக்கீல் சொல்லியிருந்தாலும். சர்க்கரைக்கு ஏதோ ஒரு கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது 'எங்க டாக்டர்தான் சொன்னார்' என்று மாறுவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக ஒருவர் பேசினால் சில சமயம் அது இன்னும் நன்றாகவே பதிகிறது, ஆச்சரியம் கவனத்தை இழுப்பதால்.

இதில் எனக்கு உறுத்துவது அமெரிக்க உளவியலாளர்கள் ஹோவ்லாண்டும் வைஸும் 1951இல் கண்டதுதான். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய ஒரே கட்டுரையை விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பெயரில் சிலருக்கும் சோவியத் பத்திரிகை பிராவ்தா பெயரில் சிலருக்கும் கொடுத்தார்கள், வேறு தலைப்புகளிலும் இதே மாதிரி. முதலில் நம்பகமான பெயருக்குத்தான் மதிப்பு. நான்கு வாரம் போனதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. அப்புறம் வந்த ஒரு சோதனையில், சொன்னவர் யார் என்று நினைவூட்டியதும் பழைய சந்தேகம் திரும்பி வந்தது.