எரித்திரியா: பெயருக்குள் ஒரு கடல்

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு எரித்ரோசைட் நினைவிருக்கும். இரத்தச் சிவப்பணு. அதில் வரும் 'எரித்ரோ'தான் ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிலும் இருக்கிறது. கிரேக்கத்தில் 'எரித்ரோஸ்' என்றால் சிவப்பு. வடமொழி 'ருதிரம்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த ருதிரமே தமிழில் உதிரம் ஆனது என்று காட்டுகிறது தமிழ் லெக்சிகன். ஆக, பெயர் நமக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை.

சரி, எது சிவப்பு? கடல். கிரேக்கர்கள் 'எரித்ரா தலாஸா' என்றபோது இன்றைய செங்கடலோடு அரபிக்கடலையும் அதற்கு அப்பாலும் சேர்த்தே சொன்னார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் யாரோ ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்' என்ற வழிகாட்டியில் நம் முசிறியும் வருகிறது, எரித்திரியக் கரையில் இருந்த அதுலிஸ் துறைமுகமும் வருகிறது. அதுலிஸில் தந்தம், ஆமையோடு, காண்டாமிருகக் கொம்பு ஏற்றுவார்கள். இந்தியாவிலிருந்து இரும்பும் பருத்தித் துணியும் அங்கே போய் இறங்கும். அந்தப் பக்கத்து அரசர் சோஸ்காலிஸ் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி: ஆள் கஞ்சன், எவ்வளவு கிடைத்தாலும் போதாது, மற்றபடி நல்லவர், கிரேக்கம் படித்தவர். வியாபாரி கண்ணில் முதலில் படுவது அதுதானே!

கடலுக்கு ஏன் அந்த நிறம் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ட்ரைக்கோடெஸ்மியம் என்ற நுண்ணுயிர் பெருகும்போது நீர்ப்பரப்பு செம்பழுப்பாகும் என்பது ஒன்று. எரித்ராஸ் என்ற அரசன் பெயர் என்பது பழைய கிரேக்கக் கதை.

நாட்டுக்கு இந்தப் பெயரை வைத்தது ஊர்க்காரர்கள் இல்லை. 1890 ஜனவரி 1 அன்று இத்தாலி தன் செங்கடல் காலனிக்குச் சூட்டியது. அதற்கு முன்பு மேட்டுநிலப் பகுதியைத் திக்ரிஞா மொழியில் 'மெத்ரி பஹ்ரி' என்றார்கள். மெத்ரி நிலம், பஹ்ரி கடல். அங்கே ஆட்சி செய்தவருக்குப் பட்டம் 'பஹ்ர் நெகாஷ்', கடலரசர். நெய்தல் தலைவனுக்குச் சங்கப் பாட்டில் வரும் 'சேர்ப்பன்' பொருந்துமே என்று தோன்றும். ஆனால் இந்தக் கடலரசர் இருந்தது தெபர்வா என்ற மலைமேட்டு ஊரில். 'கடல்நாடு' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிலமே அப்படித்தான். வெயில் கொளுத்தும் மசாவா துறைமுகத்திலிருந்து மலையேறினால் 2,300 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த தலைநகர் அஸ்மாரா. அங்கே விமானம் இறக்கை விரித்து நிற்கிற மாதிரி ஒரு பெட்ரோல் பங்க், 1938இல் இத்தாலியர் கட்டியது. 2017இல் நகரமே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 'அஸ்மாரா'வுக்கும் ஒரு கதை உண்டு: சண்டையிட்டுக் கொண்டிருந்த நான்கு ஊர்களைப் பெண்கள் சேர்த்துவைத்தார்களாம். 'அர்பாத்தே அஸ்மரா', நால்வரையும் ஒன்றாக்கினார்கள் என்று பொருள்.

திக்ரிஞா, திக்ரே, அஃபார், சாஹோ, குனாமா உட்பட ஒன்பது இனத்தார் வாழ்கிறார்கள். 1941இல் இத்தாலி போய் பிரிட்டன் வந்தது, 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சி, 1962இல் அந்த ஏற்பாட்டையும் கலைத்து எத்தியோப்பியா விழுங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே துப்பாக்கி வெடித்திருந்தது. 30 ஆண்டுப் போர் 1991இல் முடிந்தது, 1993 பொது வாக்கெடுப்பு தனிநாட்டை உறுதிசெய்தது. அப்போதும் பெயரை மாற்றவில்லை. அவர்களுடைய உரிமை வாதமே இத்தாலி வரைந்த எல்லையின் மேல் நின்றதுதான் காரணம் என்பேன். 1997இல் வந்த சொந்தப் பணத்துக்கு மட்டும் 'நக்ஃபா' என்று பெயர். போரில் கடைசிவரை விழாமல் நின்ற ஊர் அது.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? தமிழில் த் என்ற மெய்யை அடுத்து ர வராது என்பதால் 'எரித்ரியா'வைவிட 'எரித்திரியா' இயல்பு. ஈழத்தமிழரின் அரசியல் பேச்சில் அடிக்கடி அடிபட்ட பெயர்தான். மக்கள் எரித்திரியர். 'செங்கடல்நாடு' பொருள் சொல்ல மட்டும் உதவும், பெயராக வைத்தால் குழப்பம். ஏனென்றால் அந்த நாட்டின் ஆறு மாநிலங்களில் இரண்டுக்கு, அவர்கள் மொழியிலேயே, வட செங்கடல், தென் செங்கடல் என்றுதான் பெயர்.